ஓராண்டுக் கணக்கு

அன்புள்ள அக்கா,

திருவிதாங்கூர் மன்னராட்சியை எதிர்த்துப் போராடிய அக்காம்மா செறியான் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு நெருடல். அவர் வசதியான வீட்டுப் பெண், பட்டதாரி, தலைமை ஆசிரியை. கிடைத்தது ஓராண்டுத் தண்டனை, அதுவும் அரசியல் கைதி. புத்தகமும் நல்ல சாப்பாடும் கிடைத்திருக்கும். என் தாத்தா, குமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட 1954 போராட்டத்தில் உள்ளே போனவர். வெளியே வந்தபோது நிமிர்ந்து நடக்க முடியவில்லை. அவருக்குச் சிலை இல்லை, பென்ஷனுக்கும் அலைந்தார். இந்த அம்மையாரின் ஓராண்டை இவ்வளவு பெரிதாகச் சொல்ல வேண்டுமா? அவ்வளவு பெரியவர் என்றால் பிற்காலத்தில் ஏன் ஒரு பதவிக்கும் வரவில்லை?

ஓர் ஆசிரியர், மார்த்தாண்டம்

அன்புள்ள தம்பி,

உங்கள் தாத்தாவின் முதுகை வைத்துத்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள். அதனால் கோபம் வரவில்லை. ஆனால் கணக்குப் போடும் முறையில் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில், நீங்கள் சொல்வதில் இருக்கும் உண்மை. பிரிட்டிஷ் இந்தியச் சிறைகளில் ஏ, பி, சி என்று கைதிகளை வகுப்புப் பிரித்தபோது, அவர் எதற்காக உள்ளே வந்தார் என்பதைவிட வெளியே எப்படி வாழ்ந்தார் என்பதையே அதிகம் பார்த்தார்கள். படிப்பும் சொத்தும் இருந்தால் கட்டிலும் புத்தகமும். இல்லாதவர் எவ்வளவு பெரிய தியாகியானாலும் களியும் பாயும்தான். இந்த அநியாயத்தை மறைத்து எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அதில் உங்கள் பக்கம்தான் நான்.

ஆனால் அக்காம்மா விஷயத்தில் இந்தச் சட்டகம் பொருந்தாது. நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகிற நாம் எல்லோரும் இறங்குகிற இடம் தம்பானூர். 1938 அக்டோபர் 23 அன்று அங்கிருந்துதான் அவர் ஊர்வலத்தை அழைத்துக்கொண்டு மன்னரின் கவடியார் அரண்மனைக்கு நடந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான், ஆகஸ்ட் 31 அன்று, நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. நீங்கள் பஸ்ஸில் தாண்டிப் போகிற அதே நெய்யாற்றின்கரை. சுடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் நடந்தார்கள். பொறுப்பாட்சி கேட்ட திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் மீதான தடையை நீக்க வேண்டும், தலைவர்களை விடுவிக்க வேண்டும் என்பது கோரிக்கை. சுட உத்தரவு வந்தபோது, ‘நான்தான் தலைவர், முதலில் என்னைச் சுடு’ என்று அவர் முன்னால் வந்து நின்றதைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியத்தோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிந்தைய கதைதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

1939 டிசம்பர் 24 அன்று அவரையும் தங்கை ரோசம்மாவையும் கைது செய்தார்கள். காஞ்ஞிரப்பள்ளி சிரியன் கிறிஸ்தவ வீடு. மறுநாள் கிறிஸ்துமஸ். அக்காம்மாவுக்கு ஓராண்டு. உள்ளே என்ன நடந்தது தெரியுமா? அதிகாரிகள் தூண்டிவிட, மற்றக் கைதிகள் அந்தச் சகோதரிகளைப் பச்சையாகத் திட்டினார்கள். வாய் கூசும் வார்த்தைகள். தங்கள் கையால் ஓர் அடிகூட அடிக்காமல், ஏற்கெனவே நொந்து கிடக்கிறவர்களின் வாயைக் கடன் வாங்கி அந்த வேலையைச் செய்துகொண்டார்கள். ஸ்டேட் காங்கிரஸ் தலைவர் பட்டம் தாணுப்பிள்ளை இதைக் காந்தியின் கவனத்துக்குக் கொண்டுபோனார். திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுத்தார். (அந்தத் திவான் நம் மொழிக்காரர்தான். ‘மலையாளி அரசு’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுகிறவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் தாத்தா உள்ளே போன 1954 ஆகஸ்டில், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டபோது, முதலமைச்சராக இருந்தவர் இதே பட்டம் தாணுப்பிள்ளை.)

தம்பி, ‘அரசியல் கைதி’ என்ற பட்டம் ஆணுக்கு ஒரு கவசம். உடம்பு அடிவாங்கும், மானம் உயரும். உங்கள் தாத்தா வெளியே வந்தபோது ஊரில் மாலை போட்டிருப்பார்கள். பெண்ணிடம் அரசு அந்தப் பட்டத்தையே பிடுங்கப் பார்க்கிறது. இவள் அரசியலுக்காக வந்தவள் இல்லை, இப்படிப்பட்டவள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டால் போதும். மீதித் தண்டனையை ஊர் கொடுத்துவிடும். வசதியான வீட்டுத் தலைமை ஆசிரியைக்கே இது என்றால், வீட்டுப் பேர் சொல்ல ஆளில்லாதவளுக்கு?

இது மன்னராட்சியோடு போன பழக்கமும் இல்லை. 1968 நவம்பரில் நக்சலைட்டுகள் நடத்திய வயநாட்டுப் புல்பள்ளித் தாக்குதல் வழக்கில் பிடிபட்டபோது அஜிதாவுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அவர் போன வழியை நான் ஏற்கவில்லை, அது வேறு பேச்சு. காவல் நிலையத்தில் அந்தப் பெண்ணை ஊர் பார்க்கும்படி காட்சிக்கு நிறுத்தினார்கள். கூட்டம் வந்து பார்த்தது. படம் பத்திரிகைகளில் வந்தது. அவரோடு இருந்த வர்கீஸைத் திருநெல்லிக் காட்டில் பிடித்துச் சுட்டுக் கொன்றார்கள், அது 1970. ஆணைக் காட்டுக்குள் மறைத்துக் கொல்கிற போலீஸ், பெண்ணைத் தெருவுக்குக் கொண்டுவந்து காட்டுகிறது. இரண்டில் எது கொடுமை என்று தராசு பிடிக்க நான் வரவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்கிறேன். அஜிதா 1977இல் வெளியே வந்தார். பிறகு கோழிக்கோட்டில் ‘அன்வேஷி’ என்ற அமைப்பைத் தொடங்கி, வன்முறைக்கு ஆளான பெண்களின் வழக்குகளோடு அலைந்தார். அந்த வேலைக்கு ஏன் வந்தார் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, ‘பதவிக்கு ஏன் வரவில்லை’ என்ற கேள்வி. ஓராண்டோடு அவர் கதை முடியவில்லை. 1946இல் தடையை மீறியதற்காக ஆறு மாதம். 1947இல், திருவிதாங்கூர் தனி நாடு என்று சர் சி.பி. அறிவித்ததை எதிர்த்ததற்காக மறுபடியும் கைது. சுதந்திரத்துக்குப் பிறகு காஞ்ஞிரப்பள்ளியில் போட்டியின்றிச் சட்டசபைக்குத் தேர்வானார். 1952இல் நாடாளுமன்றத்துக்கு நிற்கக் கட்சி இடம் தரவில்லை. கட்சியை விட்டு வெளியே வந்து சுயேச்சையாக நின்று தோற்றார். 1967இல் மறுபடி நின்றார், மறுபடி தோல்வி. சிறைக்குப் போகிறபோது ‘முன்னே நில்’ என்றவர்கள், நாற்காலி வந்தபோது வேறு ஆளைத் தேடினார்கள். இதைக் கட்சிக்காரர்கள் மறுப்பார்கள். மறுக்கட்டும்.

தங்கையின் பாதை வேறு. ரோசம்மா புன்னூஸ் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனார். 1957இல் கேரளத்தின் முதல் சட்டசபையில் முதலில் பதவிப் பிரமாணம் எடுத்தவர் அவர்தான். தொகுதி எது தெரியுமா? தேவிகுளம். தேயிலைத் தோட்டத் தமிழர்களின் ஊர். அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்து, 1958இல் இடைத்தேர்தல் நடந்தபோது, பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் மலையேறிப் போய் அவருக்காகப் பாடினார். லயத்து வாசல்களில் பாட்டுக் கேட்ட தொழிலாளிகள் ரோசம்மாவை மறுபடி ஜெயிக்க வைத்தார்கள். சிறையில் அவரை எப்படி ஏசினார்கள் என்று அந்த மக்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. மலையாளி, தமிழர் என்று எல்லைச் சண்டை சூடாறாத அந்த நேரத்தில் அவர்கள் போட்ட ஓட்டு அது.

உங்கள் தாத்தாவுக்குச் சிலை வேண்டும் என்றால் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்காக வெள்ளயம்பலத்தில் நிற்கிற அக்காம்மாவைக் கீழே இறக்க வேண்டாம். இன்னொன்று. தாத்தா உள்ளே இருந்தபோது பாட்டி எப்படிக் காலம் தள்ளினார், போலீஸ் வீட்டுக்கு வந்து அவரிடம் என்ன பேசியது, அக்கம்பக்கம் என்ன பேசியது என்று வீட்டில் பெரியவர்கள் யாரேனும் இருந்தால் கேட்டு எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் பாட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அன்புடன்,
அக்கா