இங்கிலாந்தில் கவுன்சில்கள் சமத்துவக் கடமையை நடைமுறையில் எப்படி நிறைவேற்றுகின்றன?

ஒரு சேவையைக் குறைக்கவோ நிறுத்தவோ கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) முடிவெடுக்கும்போது சமத்துவச் சட்டம் அதை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். லண்டனில் தமிழ் முதியோர் சங்கம் ஒன்றின் சார்பில் கவுன்சில் அறிக்கைகளைத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவுதான் அடிப்படை. பாகுபாட்டை ஒழிப்பது, சம வாய்ப்பை முன்னெடுப்பது, பல பிரிவு மக்களிடையே நல்லுறவை வளர்ப்பது ஆகிய மூன்றையும் பொது அமைப்புகள் தங்கள் பணிகள் அனைத்திலும் உரிய அக்கறையுடன் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது அது. இதுவே சமத்துவக் கடமை. 1993இல் கொலையுண்ட ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் வழக்கைக் காவல்துறை கையாண்ட விதத்தை ஆராய்ந்த மெக்ஃபர்சன் அறிக்கையின் விளைவாக, முதலில் இனம் சார்ந்த கடமை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. மாற்றுத்திறனாளிகளுக்கும் பாலினத்துக்குமான கடமைகள் பிறகு சேர்ந்தன. இவை அனைத்தையும் விரிவாக்கி ஒன்றாக்கிய இன்றைய கடமை 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

ஆண்டுதோறும் சமத்துவத் தகவல்களை வெளியிடுவதும், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் இலக்குகளை அறிவிப்பதும் பெரும்பாலும் தவறாமல் நடக்கின்றன. சிக்கல் எழுவது தனித்தனி முடிவுகளில்தான். முதியோர் பகல் நிலையத்தை மூடக் கூடாது என்று இச்சட்டம் தடுப்பதில்லை. ஆனால் மூடினால் யார் எவ்வளவு பாதிக்கப்படுவர், அப்பாதிப்பைத் தணிக்க வழியுண்டா என்பதை, முடிவெடுப்பவர்களே முடிவுக்கு முன்னர் திறந்த மனத்துடன் ஆராய்ந்திருக்க வேண்டும். இதற்காகத் தயாரிக்கப்படும் சமத்துவத் தாக்க மதிப்பீடு ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகளால் கட்டாயம்; இங்கிலாந்தில் அப்படி இல்லை. இது பெருங்குறை என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் எழுத்தில் ஒன்றும் இல்லாதபோது மக்கள் எதைக் காட்டிக் கேள்வி எழுப்புவார்கள்?

குடும்ப வன்முறைக்கு ஆளான ஆசிய, ஆப்பிரிக்க-கரீபியப் பெண்களுக்கு உதவிவந்த சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்புக்கு அளித்துவந்த நிதியை, பகுதியிலுள்ள எல்லாப் பெண்களுக்குமான ஒரே சேவைக்குத் திருப்ப ஈலிங் கவுன்சில் முனைந்தபோது, 2008இல் அது உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே கவுன்சில் பின்வாங்கியது. ஆயினும் நீதிபதி தீர்ப்பை எழுதினார். எல்லோருக்கும் ஒரே சேவை என்பதே சமத்துவம் ஆகிவிடாது, தனிச்சேவை தேவைப்படும் இடங்களும் உண்டு என்பதை அத்தீர்ப்பு தெளிவாக்கியது. மொழி தெரியாத நம் முதியவர்களுக்கான உதவியைக் காக்க முயல்வோர் அதைப் படித்தே ஆக வேண்டும். சமூகப் பராமரிப்பை மிகக் கடுமையான தேவை உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கிய பர்மிங்காம் கவுன்சிலின் முடிவும் 2011இல் சட்டவிரோதம் எனத் தீர்ப்பானது. மாற்றுத்திறனாளிகள் மீதான பாதிப்பு, வேறு வழி தேடி அதற்குப் பணம் ஒதுக்க வேண்டிய அளவுக்குக் கடுமையானதா என்ற கேள்வி அங்கே உறுப்பினர்கள் முன் முறையாக வைக்கப்படவில்லை.

ஆகவே உங்கள் கவுன்சிலின் மதிப்பீட்டைப் பெற்றதும் அது முடிவுக்கு முன்னரே தயாரிக்கப்பட்டதா என்று அறிய முதலில் அதன் தேதியைப் பாருங்கள். பிறகு, பாதிக்கப்படுவோரின் எண்ணிக்கையும் அவர்களிடம் கேட்ட கருத்துகளும் அதில் உள்ளனவா என்று பாருங்கள். முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் ஆராயும் நீதிமுறை மறுஆய்வைக் கோரும் மனுவைத் தாமதமின்றி, அதிகபட்சம் மூன்று மாதங்களுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதால், திட்டம் வரைவு நிலையில் இருக்கும்போதே மதிப்பீட்டை எழுத்து மூலம் கேட்டு வாங்குவது நல்லது.