விழுந்த அன்னிக்கே திரும்ப ஏறணுமா? – கடிதம்

வணக்கம் சார்,

பழைய கட்டுரை ஒன்னுல குதிரை ஓட்டக் கத்துக்கப் போய் விழுந்தேன்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தீங்க, அந்த தைரியத்துல கேக்குறேன். எனக்கு 39 வயசு, கோவையில ஐடி வேலை. ஆறு மாசமா சனி ஞாயிறு ரைடிங் கிளாஸ் போறேன். ட்ராட், அதாவது குதிரையோட மெதுவான துள்ளல் ஓட்டம், நல்லா வந்துடுச்சு. அதைவிட வேகமான கேன்டர் ஆரம்பிச்சு நாலாவது கிளாஸ்ல வேலி ஓரமா ஒரு பிளாஸ்டிக் கவர் பறந்துச்சு, குதிரை படார்னு பக்கவாட்டுல ஒதுங்கிடுச்சு, நான் ஒதுங்கல, அவ்ளோதான். கீழ மணல், தோள்பட்டை வீங்கினது தவிர பெரிய அடி இல்ல. "இப்பவே ஏறுங்க மேடம், இல்லன்னா எப்பவும் ஏற மாட்டீங்க"ன்னார் மாஸ்டர். ஏறி ரெண்டு ரவுண்டு போனேனாம், எனக்கு அது சரியா ஞாபகம் கூட இல்ல, அவ்ளோ பதட்டம். இது நடந்து மூணு வாரம் ஆச்சு, அப்புறம் நான் அந்தப் பக்கமே போகல. வீட்டுக்காரர் போதும் விட்டுடுங்கறார். நம்ம பயத்தை குதிரை மோந்து பாத்துடும்னு வேற சொல்றாங்க. நான் அவ்ளோ பயந்தாங்கொள்ளியா சார்?

(பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்ட வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

கடைசில கேட்ட கேள்வி இருக்கட்டும், நடுவுல "சரியா ஞாபகம் கூட இல்ல"ன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கயே நான் நின்னுட்டேன். அதைப் பதட்டம்னு நீங்களே முடிவு கட்டிக்காதீங்க. தலை தரையில மோதணும்னு கூட இல்ல, விழுந்த வேகத்துல மூளை உள்ள குலுங்கினாலே கன்கஷன் வரும், அதுக்கு முக்கியமான அறிகுறிகள்ல ஒன்னு இப்படி நடுவுல கொஞ்ச நேரம் நினைவுல இருந்து காணாம போறது. நான் டாக்டர் இல்ல, அதனாலதான் சொல்றேன், இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாத்து இந்த ஞாபக விஷயத்தை மறக்காம சொல்லுங்க. தோள்பட்டையை மட்டும் காட்டிட்டு வந்துடாதீங்க. தலைவலி, குமட்டல், வெளிச்சம் கண்ணைக் கூசுறது இதெல்லாம் இருந்தா இன்னிக்கே போங்க.

உங்க மாஸ்டர் சொன்னது காலங்காலமா எல்லா ரைடிங் ஸ்கூல்லயும் சொல்றதுதான், அதுல பாதி நிஜமும் இருக்கு. சும்மா மணல்ல உருண்டு சிரிச்சிக்கிட்டே எந்திரிக்கிறவங்க ரெண்டு ரவுண்டு வாக் போயிட்டு இறங்குறது நல்லதுதான். ஆனா தலையில அடி பட்டிருக்குமோன்னு துளி சந்தேகம் இருந்தாலும் அன்னிக்கு ஏறக் கூடாது, முதல் குலுக்கல் ஆறுறதுக்குள்ள ரெண்டாவது தடவை விழுந்தா அது வேற கதை. அன்னிக்கு உங்களை ஏத்தினது தப்பு. அப்புறம் மூணு வாரம் போகாம இருந்தது பயமோ என்னமோ, உடம்புக்கு நல்லதுதான் பண்ணிருக்கு.

நான் விழுந்த கதையில பிளாஸ்டிக் கவர் கூட கிடையாது. கர்த், அதாவது சேணத்தை குதிரை வயித்தோட சேத்துக் கட்டுற பட்டை, லூஸ். சேணம் கட்டும்போது சில குதிரை உடம்பை விறைச்சுக்கும், அப்ப டைட்டா தெரியும், அஞ்சு நிமிஷம் நடந்ததும் தளர்ந்துடும், அதனால ஏறின பிறகு இன்னொரு தடவை இழுத்துக் கட்டணும். யாரும் கட்டல, எனக்குக் கேக்கத் தெரியல. ட்ராட்ல வளைவு திரும்பும்போது சேணத்தோட சேந்து நானும் மெதுவா, ரொம்ப மெதுவா, குதிரையோட வயித்துப் பக்கம் சரிஞ்சேன். முதுகு தரையில பட்டதும் மூச்சே வரல, வாயெல்லாம் மணலும் சாணி வாசமும். லாயத்துல இருந்து குதிரைக்காரர் ஓடி வந்தார், நேரா குதிரைகிட்ட போய் நாலு காலையும் தடவிப் பாத்தார், அப்புறம்தான் என் பக்கம் திரும்பி "சார் அசையாதீங்க"ன்னார். குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சுதாம்னு நம்ம ஊர்ல சொல்வாங்க, இது பாவம் பத்தடி தள்ளி நின்னு புல்லு மேஞ்சிக்கிட்டு இருந்துச்சு.

பயந்தாங்கொள்ளியான்னு கேட்டதுக்கு ஒன்னு சொல்றேன். டெல்லி சுல்தான் குத்புதீன் ஐபக், குதிரை மேலயே வாழ்ந்த ஆளு, 1210ல லாகூர்ல சௌகான், அதாவது அந்தக் காலத்து போலோ, ஆடும்போது குதிரையோட விழுந்து சேணத்தோட முன்கொம்பு குத்தி செத்துப்போனார். விழறதுக்கு தைரியம், கோழைத்தனம்லாம் கணக்கே இல்லங்க.

மோந்து பாக்குற விஷயத்துக்கு வர்றேன். வாசனையை விடுங்க, ஸ்வீடன்ல 2009ல வெளிவந்த ஒரு ஆய்வு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆளுங்களை குதிரையில ஏத்தியும், கயிறு பிடிச்சு நடத்தியும் ஒரே தூரத்தை நாலு தடவை போக வச்சாங்க. நாலாவது தடவை மட்டும் "நீங்க தாண்டும்போது ஒரு குடையை விரிப்போம்"னு முன்னாடியே சொல்லிட்டாங்க. ஆனா குடையை விரிக்கவே இல்ல. அப்படியும் ஆளோட இதயத் துடிப்பும் ஏறுச்சு, குதிரையோடதும் ஏறுச்சு. குதிரைக்கு யாரும் குடையைப் பத்தி சொல்லல, மேல இருந்தவரும் கயித்தைப் பிடிச்சவரும்தான் வார்த்தை இல்லாம சொல்லியிருக்காங்க.

எப்படிச் சொல்றோம்னா, பயந்தா நம்ம உடம்பு தானா முன்னாடி சுருளும், குதிகால் மேல ஏறும், கால் ரெண்டும் குதிரையை இறுக்கும், கை கடிவாளத்தை இழுக்கும். காலால இறுக்கினா குதிரைக்கு "போ"ன்னு அர்த்தம், கையால இழுத்தா "நில்லு"ன்னு அர்த்தம், அதாவது ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் ஒரே நேரத்துல மிதிக்கிறீங்க. அது குழம்பும், குழம்புற குதிரை இன்னும் சின்ன விஷயத்துக்கெல்லாம் மிரளும். குதிரைக்கு கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல, கிட்டத்தட்ட சுத்தி எல்லாமே தெரியும், வேலி ஓரக் கவரை உங்களுக்கு முன்னாடி அது பாத்திருக்கும். உங்க மேல அதுக்கு கோவம்லாம் இல்ல.

அதனால டாக்டர் சரின்னு சொன்ன பிறகு போறதா இருந்தா கேன்டர்ல ஆரம்பிக்காதீங்க. மாஸ்டரை நீளக் கயித்துல குதிரையைச் சுத்த விடச் சொல்லுங்க, கடிவாளம் உங்க கையில வேணாம், வாக் மட்டும், மூச்சை சத்தமா வெளிய விட்டுக்கிட்டே உக்காருங்க. கேவலமா இருக்கும், ஆறு மாசம் கத்துக்கிட்டவங்களுக்கு எல்கேஜி மாதிரி இருக்கும், நானும் ஒரு மாசம் அப்படித்தான் சுத்தினேன், பக்கத்துல எட்டு வயசுப் பொண்ணு ஒன்னு கேன்டர்ல போயிட்டே என்னைப் பாத்து கை ஆட்டிட்டுப் போகும். வேணாம்னு தோணுச்சுன்னா விட்டுடுங்க, அதுலயும் ஒன்னும் குறைச்சல் இல்ல, ஆனா அந்த முடிவை நீங்க எடுங்க, வீட்டுக்காரர் எடுக்க வேணாம்.

இன்னொன்னு, அன்னிக்குப் போட்டிருந்த ஹெல்மெட். வெளிய கீறல் இல்லன்னாலும் உள்ள இருக்கிற தெர்மாகோல் ஒரு அடிக்கே நசுங்கிடும், திரும்ப உப்பாது. உங்களோடதுன்னா மாத்திடுங்க. ஸ்கூல் ஹெல்மெட்டுன்னா இன்னிக்கே போன் பண்ணி அதை எடுத்து வைக்கச் சொல்லுங்க, மூணு வாரமா அது யார் யார் தலையில இருக்கோ.