சிங்கப்பூரின் ஆராய்ச்சிப் பணம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: இத்தனூண்டு நாடு ஆராய்ச்சிக்கு அப்படி எவ்வளவுதான் செலவழிக்கிறது?

1991-ல் போட்ட முதல் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு 200 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 2021–25 திட்டமான ‘ஆர்ஐஇ 2025’-க்கு (ஆராய்ச்சி, புத்தாக்கம், தொழில்முனைவு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) 2,500 கோடி. 2024 பட்ஜெட்டில் மேலும் 300 கோடி சேர்த்தார்கள். ஆண்டுக்கு நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 1 சதவீதம். இது அரசுப் பணம் மட்டும்தான், கம்பெனிகள் போடுவது தனி. தொகையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. ஆசிய நிதி நெருக்கடி, 2008 சரிவு, கொரோனா எல்லாம் வந்துபோயின. ஆனாலும் ஒவ்வொரு திட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகத்தான் வந்தது. பத்து வருஷம் பிடிக்கிற வேலையில் ஒருவர் துணிந்து இறங்குவதற்கு இந்த நிச்சயம் வேண்டும்.

கேள்வி: ஐந்து வருஷம் கழித்து எது தேவைப்படும் என்று அதிகாரிகளுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. அது அவர்களுக்கே தெரிந்திருப்பதுதான் நல்ல விஷயம். 2025 திட்டத்தில் உற்பத்தி, உடல்நலம், நகர வாழ்வு, டிஜிட்டல் என்று நான்கு துறைகளுக்குப் பணம் பிரித்த பிறகும் 375 கோடி வெள்ளியை எந்தத் தலைப்பிலும் போடாமல் வைத்தார்கள். ‘வைட் ஸ்பேஸ்’ என்று பெயர். எந்த நிதித் துறையும் இதற்கு லேசில் சம்மதிக்காது. காரணம் எழுதாத பணம் என்றால் தணிக்கைக்காரருக்குக் கண் உறுத்தும்!

முன்கூட்டிச் சேர்த்த அறிவு எப்படிக் கைகொடுக்கும் என்பதற்கு ‘சி-பாஸ்’ பரிசோதனையைச் சொல்லலாம். கொரோனாவைத் தடுக்கும் எதிர்ப்புச் சக்தி ஒருவர் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க, முன்பு உயிருள்ள வைரஸும் உயர்பாதுகாப்புக் கூடமும் வேண்டும்; முடிவு வர நாள்கணக்காகும். டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியில் வாங் லின்ஃபாவின் குழு, வைரஸே இல்லாமல் சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்லும் முறையை 2020-லேயே கண்டுபிடித்தது. அவர் பல வருஷமாக வௌவால் வைரஸ்களோடு மல்லுக்கட்டியவர். கொரோனா வந்த பிறகு ஆளைத் தேடியிருந்தால் இது நடந்திருக்காது.

கேள்வி: பயோபோலிஸ் வெற்றியா, தோல்வியா?

பாதிப் பாதி. உயிரியல், மருத்துவ ஆராய்ச்சிக்கென்றே கட்டிய இந்த வளாகத்தை 2003-ல் திறந்து, வெளிநாட்டு நட்சத்திர விஞ்ஞானிகளை அழைத்து வந்தார்கள். இது சிங்கப்பூருக்குச் சரிவருமா என்று மருத்துவர் லீ வெய் லிங் சில வருஷங்களிலேயே வெளிப்படையாகக் கேட்டார். 2010 வாக்கில், தொழில்துறையோடு சேர்ந்தால்தான் நிதியில் ஒரு பகுதி என்று விதி மாறியது. அடுத்த வருஷமே, அப்படி அழைத்து வந்தவர்களில் எடிசன் லியூ, நீல் கோப்லேண்ட், நான்சி ஜென்கின்ஸ் அமெரிக்கா திரும்ப முடிவெடுத்துவிட்டார்கள். தொழிலோடு சேரச் சொன்னதில் தப்பில்லை. ஆட்டம் பாதியில் இருக்கும்போது விதியை மாற்றியதுதான் தப்பு என்பது என் கருத்து.

கேள்வி: உட்லண்ட்ஸில் எட்டுப் பேர் வேலை செய்யும் சின்ன கம்பெனி எங்களுடையது. எங்களுக்கு ஏதாவது உண்டா?

உண்டு. தகுதியுள்ள ஆராய்ச்சிச் செலவில் முதல் 4 லட்சம் வெள்ளிக்கு 400 சதவீத வரிக்கழிவு கிடைக்கும்; அதாவது 1 வெள்ளி செலவழித்தால், வரிக்குரிய வருமானத்தில் 4 வெள்ளியைக் கழித்துக்கொள்ளலாம். லாபமே இல்லாதவருக்கு வரிக்கழிவால் என்ன பயன் என்பீர்கள். அதற்குப் பதிலாக, 1 லட்சம் வெள்ளி வரையான செலவில் 20 சதவீதத்தை ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம். மூன்று முழுநேர உள்ளூர் ஊழியர்களாவது இருக்க வேண்டும். 2028 வரி மதிப்பீட்டு ஆண்டு வரை இந்தச் சலுகை. பாலிடெக்னிக்கோடு சேர்ந்து செய்யும் 50,000 வெள்ளி வரையான வேலைக்கும் இதே கழிவு உண்டு. முதலில் அந்தக் கதவைத் தட்டுங்கள்.

கேள்வி: தமிழுக்கு இதில் ஏதாவது?

‘சீ-லயன்’ மொழி மாதிரியைப் பாருங்கள்; சாட்ஜிபிடி போன்றவற்றுக்கு அடியில் இருக்கும் வகை ஏஐ மென்பொருள் இது. ஏஐ சிங்கப்பூர் அமைப்பு வெளியிட்டது. முதல் பதிப்பின் 11 மொழிகளில் தமிழும் ஒன்று. யாரும் இறக்கிப் பயன்படுத்தலாம்.