9-ஆ, 10-ஆ, 11-ஆ? எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஏற்ற தந்தித் தடிமன்

கேள்வி: ஒன்றரை ஆண்டுகளாக எலெக்ட்ரிக் கிட்டார் பயின்று வருகிறேன். என் கிட்டாரின் ஸ்கேல் நீளம் (தந்தி அதிரும் நீளம்) 25.5 அங்குலம், மிதக்கும் பிரிட்ஜ் (உடற்பக்கம் தந்திகளைத் தாங்கும், அசையக்கூடிய பாகம்) கொண்டது. வாங்கும்போது அதில் இருந்த 9–42 தந்திகளையே இன்றுவரை வாங்கிப் போட்டு வருகிறேன். எங்கள் குழுவின் பாடகர் குரலுக்காக எல்லாத் தந்திகளையும் அரைச் சுரம் இறக்கி வைக்கிறோம். அதன் பிறகு தந்திகள் தொளதொளவென்று இருக்கின்றன. கார்டு பிடித்தால் சுருதி ஏறிவிடுகிறது. ஒலியும் மெலிந்து கேட்கிறது. நேராக 11-க்கு மாறச் சொல்கிறார்கள் நண்பர்கள். மாறலாமா?

பதில்: 11 வேண்டாம், 10–46 தொகுதி உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால் புதுத் தந்தி வாங்கும் முன் ஐந்து நிமிடச் சோதனை ஒன்றைச் செய்துவிடுங்கள். கார்டு பிடிக்கும்போது சுருதி ஏறுவது முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் (கழுத்தில் பதித்த உலோகப் பட்டைகளில்) மட்டும்தானா, அல்லது கழுத்து முழுவதிலுமா என்று ட்யூனரை வைத்துப் பாருங்கள். முதல் மூன்றில் மட்டும் ஏறி, ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேல் சரியாக இருந்தால், குற்றம் பெரும்பாலும் தந்தியில் இல்லை. நட்டில், அதாவது கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டையில், வெட்டப்பட்டிருக்கும் பள்ளங்கள் போதிய ஆழம் இல்லாமல் தந்தியை உயரத்தில் தாங்கி நிற்கின்றன. மூன்றாம் ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள். அங்கே மயிரிழை இடைவெளி இருந்தால் போதும். எளிதாகக் கண்ணுக்குத் தெரியும் இடைவெளி இருந்தால், நட்டைச் சரிசெய்யாமல் எந்தத் தந்தி போட்டாலும் அந்தக் கோளாறு தொடரும்.

நட் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே பேசுவோம். 9, 10, 11 என்று நாம் சொல்லும் எண் மிக மெல்லிய முதல் தந்தியின் விட்டம், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது; 9–42 என்னும்போது 42 மிகத் தடித்த ஆறாம் தந்தியின் விட்டம். உறைமேல் இருக்கும் இந்த எண்ணை வைத்தே எல்லோரும் பேசுகிறோம். விரல் உணர்வதோ இழுவிசையை. அந்த இழுவிசையைத் தந்தியின் தடிமன், ஸ்கேல் நீளம், சேர்க்கும் சுருதி ஆகிய மூன்றும் சேர்ந்துதான் முடிவுசெய்கின்றன. மூன்றின் விளைவும் இருமடிப் பெருக்கமாக வளர்வதால், எண்ணில் சிறிதாகத் தெரியும் மாற்றம் விரலுக்குப் பெரிதாகப் படுகிறது. 9-க்கும் 10-க்கும் இடையே இருப்பது ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம்தான் என்றாலும், ஒரே சுருதியில் இழுவிசை ஏறத்தாழ 23 விழுக்காடு கூடுகிறது. 9-இலிருந்து 11-க்குத் தாவினால் அது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிவிடுகிறது.

உங்கள் கிட்டாருக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25.5 அங்குல ஸ்கேலில், வழக்கமான சுருதியில், 9 தடிமன் முதல் தந்தியின் இழுவிசை சுமார் 5.9 கிலோ. அரைச் சுரம் இறக்கினால் எந்தத் தந்தியும் தன் இழுவிசையில் ஏறத்தாழ 11 விழுக்காட்டை இழக்கும். ஆகவே இப்போது உங்கள் விரலுக்கடியில் இருப்பது சுமார் 5.3 கிலோ. நீங்கள் உணரும் தொளதொளப்பு இதுதான். உங்கள் கை பழகியது 5.9-க்கு. அதே இறக்கிய சுருதியில் 10 போட்டால் 6.5 கிலோ வரும், அதாவது பழைய பிடிமானத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதல். ஒரு வாரத்தில் கை அதை ஏற்றுக்கொள்ளும். 11 போட்டாலோ 7.9 கிலோ. வழக்கமான சுருதியில் 10 போட்டு வாசிப்பவரின் 7.3 கிலோவைவிடவும் அது அதிகம். 11 பரிந்துரைக்கும் உங்கள் நண்பர்கள் ஒரு முழுச் சுரம் இறக்கி வாசிப்பவர்களாகவோ, 24.75 அங்குல ஸ்கேல் கொண்ட கிட்டார் வைத்திருப்பவர்களாகவோ இருந்தால், அவர்கள் அனுபவம் அவர்களுக்கு உண்மைதான். ஸ்கேல் வேறுபாடு மட்டுமே இழுவிசையில் சுமார் 6 விழுக்காட்டைக் குறைத்துவிடும். அவர்களுடைய 11 உங்களுடைய 11 அன்று.

தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை உயர்த்தும் பெண்டிங்கில்தான் இந்த வேறுபாடு மிகத் தெளிவாகப் புரியும். ஒரு முழுச் சுரம் உயர்த்த, தந்தியின் இழுவிசையைக் கால் பங்குக்குச் சற்று மேல் கூட்டியாக வேண்டும். 9 தந்தியை வழக்கமான சுருதியில் அப்படித் தள்ளி உச்சிக்குக் கொண்டுபோகும்போது அது எட்டும் இழுவிசை, 10 தந்தி தொடப்படாமல் இருக்கும்போதே தாங்கி நிற்கும் இழுவிசையை ஏறக்குறைய ஒத்தது. தள்ள வேண்டிய தூரமோ தடிமனால் அவ்வளவாக மாறுவதில்லை. ஒரே சுருதியில் இருக்கும் சுற்றில்லாத எஃகுத் தந்திகளில், மெல்லியதாயினும் தடித்ததாயினும், எஃகின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் விசை ஒன்றே என்பதுதான் காரணம். மெல்லிய தந்தி விரைவில் அறுந்துபோகும் என்ற பேச்சையும் இதே காரணத்தால் நான் முழுதாக ஏற்பதில்லை. சேடிலில் (பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் அமரும் துண்டில்) இருக்கும் கூரான பிசிறு, வியர்வையால் ஏறிய துரு, பிக்கால் ஓங்கி அடிக்கும் பழக்கம் ஆகியவையே பெரும்பாலான தந்திகளை அறுக்கின்றன. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அறுந்தால், தடிமனை மாற்றும் முன் அந்த இடத்தை விரல்நுனியால் தடவிப் பாருங்கள்.

சுருதி ஏறுவதிலும் இதே பொறியியல்தான் வேலை செய்கிறது. விரல் ஒரே பலத்துடன் அழுத்தினாலும், இழுவிசை குறைந்த தந்தி அதிகமாக விலகுகிறது. ஃப்ரெட்டைத் தொட்ட பிறகும் கீழே அமிழ்கிறது. மூன்றாம் தந்தியைக் குறித்து எல்லாக் கிட்டார்காரர்களும் குறைபடுவதற்கும் காரணம் உண்டு. 10–46 தொகுதியில் அது 17 தடிமன். முதல் தந்தியைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு எஃகு அதில் இருக்க, இழுவிசையோ இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. எஃகின் மீது விழும் பாரம் குறைவாக இருப்பதால், சிறிது நீட்டினாலும் சுரம் சட்டென்று ஏறிவிடுகிறது. ஆகவே 10-க்கு மாறினாலும் மூன்றாம் தந்தியில் விரலை இலேசாக வைக்கப் பழகத்தான் வேண்டும்.

ஒலி மெலிந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தடித்த தந்தியில் எஃகு அதிகம் என்பதால் பிக்கப்பின் (தந்தியின் அசைவை மின்சைகையாக்கும் காந்தச் சுருளின்) காந்தப்புலத்தில் அதன் அசைவு கூடுதல் மின்சைகையை எழுப்பும் என்பதும், ஒலியின் அடிப்பகுதி உரம் பெறும் என்பதும் உண்மை. ஆனால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. ZZ டாப் குழுவின் கிட்டார் கலைஞர் பில்லி கிப்பன்ஸ் 7 தடிமனில் வாசித்துப் பெறும் கனத்த ஒலியை யாரும் மெலிந்தது என்று சொல்லமாட்டார்கள். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் 13 தடிமன் பயன்படுத்தியதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அவரும் உங்களைப் போலவே அரைச் சுரம் இறக்கித்தான் வைத்திருந்தார் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். டிஸ்டார்ஷன் அதிகம் வைத்து வாசிப்பவர்களுக்குக் கீழ்த்தந்திகளின் தடிப்பு குழம்பிய ஒலியைக் கொடுப்பதும் உண்டு. 10 போட்ட பிறகும் மெலிவாகத் தோன்றினால், பிக்கப்பின் உயரத்தைச் சற்று ஏற்றிப் பார்ப்பது இன்னொரு தந்தித் தொகுதி வாங்குவதைவிடப் பயன் தரும்.

இனி, மாற்றும் வேலை. இதை அக்கறையோடு செய்யாவிட்டால் சரியான தடிமனும் தவறானதாகவே தோன்றும். ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தின் மீதும் பிரிட்ஜின் மீதும் செலுத்தும் மொத்த இழுவிசை, வழக்கமான சுருதியில் 9–42-க்குச் சுமார் 38 கிலோ, 10–46-க்குச் சுமார் 47 கிலோ. அரைச் சுரம் இறக்கினால் முறையே 34, 42. மிதக்கும் பிரிட்ஜ் ஒரு தராசைப் போன்றது: ஒரு பக்கம் தந்திகள், மறுபக்கம் பின்குழியில் இருக்கும் ஸ்பிரிங்குகள். நீங்கள் சுருதி இறக்கியபோது ஸ்பிரிங்கைத் தளர்த்தாமல் விட்டிருந்தால், பிரிட்ஜ் உடற்பக்கமாகச் சாய்ந்து அமர்ந்திருக்கும்; தந்திகள் ஃப்ரெட்டுக்கு அருகே தாழ்ந்து, தொளதொளப்போடு இரைச்சலும் சேர்ந்திருக்கும். 10 போட்டதும் அது எதிர்ப்பக்கம் எழும்பும். பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டின் இரு திருகுகளையும் அரைச் சுற்று முடுக்கி, எல்லாத் தந்திகளையும் மறுபடி சுருதி சேர்த்து, பிரிட்ஜ் உடலுக்கு இணையாக வந்துவிட்டதா என்று பக்கவாட்டில் பாருங்கள். ஒரு தந்தியைச் சேர்த்தால் மற்ற ஐந்தும் விலகும். நான்கைந்து சுற்று பொறுமையாகச் செய்தால் நிலைகொள்ளும். தந்திகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஆறையும் ஒரேயடியாகக் கழற்றினால் பிரிட்ஜ் பின்னால் விழுந்துவிடும்.

கூடுதல் இழுவிசையால் கழுத்து முன்பக்கம் சற்று வளையும். எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை அளக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. கழற்றிய பழைய முதல் தந்தியில் விரல்நீளத் துண்டு ஒன்றை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்; அதன் தடிமன் 0.23 மில்லிமீட்டர், நமக்கு வேண்டிய இடைவெளியும் ஏறத்தாழ அதுவே. ஆறாம் தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாம் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே அந்தத் துண்டைச் செருகச் சொல்லுங்கள் (இதற்கு இன்னொருவர் கை வேண்டும்). தந்தியை மேலே தூக்காமல், இலேசாக உரசியபடி அது நுழைந்தால் கழுத்து சரியாக இருக்கிறது. தொடாமலே வழுக்கிப் போனால் டிரஸ் ராடை (கழுத்தின் உள்ளே வளைவைக் கட்டுப்படுத்தும் கம்பியை) வலஞ்சுழியாகக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம், முடுக்கிவிட்டு மறுநாள் பாருங்கள். மரம் தன் நிலைக்கு வர நேரம் எடுத்துக்கொள்ளும். பிறகு பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக் ஒலியையும் (தந்தியை அழுத்தாமல் இலேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்திய ஒலியையும் ட்யூனரில் ஒப்பிட்டு, அழுத்திய ஒலி ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு நகர்த்துங்கள்.

நட்டைப் பற்றி ஒரு சொந்த அனுபவம். பல ஆண்டுகளுக்கு முன், 9-க்காக வெட்டிய நட்டில் நேராக 11 போட்டு மேடையேறினேன். முதல் பாட்டின் நடுவில் மூன்றாம் தந்தியைத் தள்ளி விட்டேன். அது பழைய சுரத்துக்குத் திரும்பவில்லை. சுருதி ஆணியைத் திருப்பினால் முதலில் ஒன்றும் நிகழாது. பிறகு நட்டிலிருந்து “கிணிக்” என்ற சத்தத்தோடு சுரம் வேண்டிய இடத்தைத் தாண்டிக் குதிக்கும். தடித்த தந்தி பள்ளத்தின் சுவர்களுக்கிடையே இறுகிக்கொண்டிருந்தது. 10-க்கு மாறும்போது இந்தச் சிக்கல் மிகக் குறைவு. பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் அரம் பிடிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அகலத்தோடு ஆழமும் கூடிவிட்டால், திறந்த தந்தி ஃப்ரெட்டில் இடித்து இரையத் தொடங்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. மேல் மூன்று (மெல்லிய) தந்திகளின் மென்மை உங்களுக்குப் பிடித்திருந்து, தொளதொளப்பு கீழ் மூன்றில் மட்டும் உறுத்துகிறது என்றால், 9–46 கலப்புத் தொகுதியைப் போடலாம். மேலே 9, 11, 16 அப்படியே இருக்க, கீழே 26, 36, 46 வரும். பெண்டிங் அதிகம் செய்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். கார்டு பிடித்தால் சுருதி ஏறுவதாக நீங்கள் எழுதியிருப்பதால் 10–46 என்றேன். எதைப் போட்டாலும் இரண்டு வாரம் வாசித்துவிட்டு முடிவுசெய்யுங்கள். அதற்குப் பிறகும் மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி நீடித்தால், தயங்காமல் 9-க்குத் திரும்பிவிடுங்கள்.