அபரிஸ்ட்வித்தில் வரலாறு படிக்கப் போகலாமா?

கேள்வி: வேல்ஸின் மேற்குக் கரையில் இருக்கும் அபரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. வரலாறு படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில், "கடலைத் தவிர ஒன்றும் இல்லாத ஊர், லண்டனில் பாரேன்" என்கிறார்கள். வெளிநாட்டு மாணவியாக அங்கே போவது சரியா?

தாராளமாகப் போங்கள். வரலாறு படிக்கிறவர் ஊர் எவ்வளவு பெரியது என்று பார்ப்பதைவிட மூல ஆவணம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பென்க்லைஸ் குன்றின் மேல் பல்கலைக்கழக வளாகம், அதே குன்றின் சரிவில் வேல்ஸ் தேசிய நூலகம், வகுப்பு முடிந்ததும் நடந்தே போய்விடலாம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வெளியாகும் எந்த நூலுக்கும் ஒரு பிரதி கேட்டு வாங்கும் உரிமை ஆறே நூலகங்களுக்குத்தான் உண்டு. 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தால் அந்த வரிசையில் சேர்ந்த நூலகம் இது. வாசகர் சீட்டுக்குக் காசு கிடையாது.

அங்கே இருக்கிற ஒரு தொகுப்பைச் சொல்கிறேன். அபரிஸ்ட்வித் துறைமுகத்தில் பதிவான கப்பல்களின் மாலுமிப் பட்டியல்கள், 1850களிலிருந்து முதல் உலகப்போர் வரை. பெரிய தாள், மடிப்புகளில் நைந்திருக்கும். மாலுமியின் பெயர், வயது, பிறந்த ஊர், இதற்கு முன் வேலை பார்த்த கப்பல், இப்போது என்ன வேலை என்று கட்டம் கட்டமாக எழுதியிருப்பார்கள். எழுதத் தெரியாதவர் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார், பக்கத்தில் வேறொருவர் கையெழுத்தில் அவர் பெயர் இருக்கும். அந்த 'முந்தைய கப்பல்' கட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே ஆளைக் கப்பல் கப்பலாகத் தேடிப் போகலாம், அப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் வீட்டையும் கண்டுபிடிக்கலாம். மூன்றாம் வருட ஆய்வுக் கட்டுரைக்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தோன்றவில்லை.

கஷ்டங்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தைப் படிக்கப் பழக நாளாகும், முதல் வருடத்திலேயே தொடங்கிவிடுங்கள். உள்ளூர் ஆவணங்களில், குறிப்பாகத் தேவாலயப் பதிவுகளில், நிறைய வெல்ஷ் மொழியில் இருக்கின்றன. பாடங்களை ஆங்கிலத்திலேயே படித்து முடிக்கலாம், ஆனால் கொஞ்சம் வெல்ஷ் கற்றுக்கொண்டவருக்கு மற்றவர் தொடாத பெட்டிகள் திறக்கும். வேறொரு நாட்டிலிருந்து வந்து ஏற்கெனவே இரண்டு மூன்று மொழிகளில் புழங்குகிற உங்களுக்கு அது பெரிய மலை இல்லை. கருத்தரங்க வகுப்பில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் வெளிநாட்டு மாணவர்களை அதிகம் பின்னுக்குத் தள்ளுகிறது. படித்ததில் ஒரு சந்தேகத்தையாவது எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், அதைக் கேட்டாலே பேச்சு தொடங்கிவிடும்.

விசா விஷயம் சுருக்கமாக. பட்டப்படிப்பு மாணவர் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. சின்ன ஊரில் பகுதி நேர வேலையும் குறைவு, அதனால் அந்தச் சம்பளத்தை நம்பிப் பணக் கணக்குப் போடாதீர்கள். படித்து முடித்தபின் தங்கி வேலை தேடும் காலத்தை, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 18 மாதமாகக் குறைத்திருக்கிறார்கள். மூன்று வருடப் படிப்பில் இப்போது சேர்ந்தால் உங்களுக்கும் அதுதான்.

தங்குமிடம் கேட்கும்போது கடலைப் பார்த்த அறை என்றதும் மயங்கிவிட வேண்டாம். 2014 ஜனவரிப் புயலில் அலை கடற்கரை நடைபாதையையே பெயர்த்துப் போட்டது, அங்கிருந்த விடுதிகளிலிருந்து மாணவர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. முதல் வருடம் குன்றின் மேல் இருங்கள், நூலகமும் பக்கம். ரயில் பாதை இந்த ஊரோடு முடிந்துவிடுகிறது, பர்மிங்காமுக்கே சுமார் மூன்று மணி நேரம், விமான டிக்கெட் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடத்தை உறுதி செய்யும் முன் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பழைய கையெழுத்து படிக்கச் சொல்லித்தரும் வகுப்பு இளங்கலை மாணவர்களுக்கு உண்டா, இறுதி ஆய்வுக் கட்டுரையை தேசிய நூலக ஆவணங்களை வைத்து எழுத வழிகாட்டி கிடைப்பாரா, இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். பதில் வந்ததும் அதை வீட்டில் படித்துக் காட்டுங்கள்.