சார் பேசாத எட்டு வாரம்

மதிப்பிற்குரிய ஐயா,

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஜூன் மாதம் எங்கள் நிர்வாகம் ‘ஃப்ளிப்டு கிளாஸ்ரூம்’ முறையைக் கட்டாயமாக்கிவிட்டது. பாடத்தை வீடியோவாக எடுத்து முதல் நாளே வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். பிள்ளைகள் அதை வீட்டில் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் பயிற்சி செய்ய வேண்டும். இரவுச் சமையலை முடித்துவிட்டு நாற்பது நிமிட வீடியோ எடுக்கிறேன். 42 பேரில் 11 பேர் பார்த்தால் அதிகம். இந்தக் காலப் பிள்ளைகளுக்குத் தானாகப் படிக்கும் பழக்கமே இல்லை. கடைசியில் அதே பாடத்தை வகுப்பில் மறுபடி நடத்துகிறேன். “ஃபீஸ் வாங்கிக்கொண்டு ஃபோனில் பாடமா?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். வீடியோ எத்தனை நிமிடம் இருந்தால் பார்ப்பார்கள்? இந்த வெளிநாட்டு முறை நமக்குச் சரிப்படுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஆசிரியைக்கு,

பத்து நிமிடத்தைத் தாண்டாதீர்கள். முதல் கேள்விக்கு அவ்வளவுதான் பதில். நாற்பது நிமிட வீடியோவை நானே பார்க்க மாட்டேன்.

வெளிநாட்டு முறையா என்ற கேள்வியிலும் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. 2007-ல் அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் ஜொனதன் பெர்க்மன், ஏரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள், விளையாட்டுப் போட்டிகளுக்குப் போய் வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைகளுக்காகப் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். வீடியோ வந்த கதை அது. வகுப்புப் பயிற்சியில் மாணவனுக்கு மாணவன் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டால், எழும்பூர் ஆண் அனாதைகள் காப்பகத்தில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அதை நடத்திப் பார்த்து 1797-ல் லண்டனில் நூலாகவே போட்டுவிட்டார். அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர். உடனே மார்தட்ட வேண்டாம். சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பும் இருந்தது.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த வரி, “தானாகப் படிக்கும் பழக்கமே இல்லை.” அந்த 31 பேரில் எத்தனை பேர் வீட்டில் ஒரே ஒரு ஃபோன் இருக்கிறது, அது இரவு எத்தனை மணிக்கு அப்பாவோடு வீடு திரும்புகிறது என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காக வகுப்பில் மறுபடி நடத்துவது அதைவிடப் பெரிய தவறு. முதல் நாள் ஒழுங்காகப் பார்த்துவிட்டு வந்த 11 பேரை நீங்கள் முட்டாளாக்குகிறீர்கள். அடுத்த வாரம் அவர்களும் பார்க்க மாட்டார்கள். வீடியோ கிடைக்காதவர்களைப் பாடநூலில் இரண்டு பக்கம் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அச்சடித்த புத்தகத்துக்கு சார்ஜ் தேவையில்லை.

இரவு அடுப்படியைத் துடைத்துவிட்டு ஃபோனைத் தம்ளரில் சாய்த்து வைத்துப் பாடம் நடத்தும் ஒருவரிடம் இப்படிக் கத்துவது நியாயமில்லைதான். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் வந்த அன்று நான் என் கணக்கு சாரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குக் கணக்கு எடுத்தவர் பெரிய பேச்சுக்காரர். அவர் நடத்தினால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் காது கொடுப்பார்கள். அந்த வருடம் அவருக்குத் தொண்டையில் ஏதோ கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. எட்டு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடுப்பு மிச்சமில்லையோ என்னவோ, கழுத்தில் மஃப்ளரோடு பள்ளிக்கு வந்துவிட்டார். கரும்பலகையில் எழுதினார்: ‘நாளைக்கு 2 பக்கம் படித்து வரவும். புரியாததை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டின்னில் போடவும்.’ மேஜைமேல் ஒரு காலி பிஸ்கட் டின் இருந்தது.

மறுநாள் சீட்டுகளைப் பிரித்துப் பார்த்து, அதற்கேற்ற நான்கைந்து கணக்குகளைப் பலகையில் எழுதினார். நாங்கள் போட ஆரம்பித்தோம். அவர் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தார். மருந்து நெடி வரும், சார் பின்னால் நிற்கிறார் என்று தெரியும். நான் 7 – (3 – x) என்பதற்கு 4 – x என்று எழுதியிருந்தேன். என் தோளுக்கு மேலாக ஒரு விரல் நீண்டு வந்து, அடைப்புக்குறிக்கு முன்னால் இருந்த கழித்தல் குறியை இரண்டு முறை தட்டியது. பிறகு உள்ளே இருந்த கழித்தல் குறியை ஒரு முறை. அப்படியே அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. 4 + x.

அந்தத் தவறை நான் ஏழாம் வகுப்பிலிருந்து செய்துகொண்டிருந்தேன். அற்புதமாக நடத்திய யாருக்கும் அது கண்ணில் படவில்லை. அவர்கள் நடத்தும்போது நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன், தவறு செய்தது வீட்டில், சிம்னி விளக்கடியில், எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவின் பக்கத்தில். மறுநாள் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழும். எங்கே வழுக்கினேன் என்று அது சொல்லாது.

நன்றாக நடத்தப்பட்ட பாடம் கேட்பவனையும் சொல்பவனையும் சேர்த்து ஏமாற்றும். ஹார்வர்டில் எரிக் மஸூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1984 முதல் பாடம் நடத்தி, மாணவர்களிடம் நல்ல பெயரும் வாங்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் எளிய கேள்விகளாக ஒரு தேர்வு வைத்தார். கனமான லாரியும் சின்னக் காரும் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்பது போன்ற கேள்விகள். இரண்டும் ஒரே அளவுதான் என்கிற நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்திலும் ஒப்பிக்கக்கூடியவர்களில் பலர் லாரி என்றார்கள். இதைவிடக் கொடுமை, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று ஒருவர் கேட்டார். 1991-லிருந்து அவர் விரிவுரையைக் குறைத்துவிட்டு, கேள்வியைப் போட்டு, உன் விடைதான் சரி என்று பக்கத்தில் இருப்பவனைச் சம்மதிக்க வை என்று விட்டுவிட்டார். அதே ஹார்வர்டில் 2019-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் வேடிக்கை. தாங்களே முட்டி மோதிக் கணக்குப் போட்ட மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் அதிகம் கற்றதாக உணர்ந்தவர்கள், நல்ல சொற்பொழிவைக் கேட்டவர்கள்!

அதனால் உங்கள் மாணவர்களின் பெற்றோர்கள் கத்துவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நாங்களும் கத்தினோம். “சார் சும்மா உட்காரவைத்துக் கணக்கு போடச் சொல்கிறார்” என்று வீட்டில் சொன்னவர்களில் நானும் ஒருவன். நிர்வாகம் உங்களிடம் வீடியோ கேட்கிறது, நீங்கள் வீடியோவைப் பற்றிக் கேட்கிறீர்கள். மிச்சமாகும் முக்கால் மணி நேரத்தில் நீங்கள் எந்தப் பையன் பின்னால் போய் நிற்கப்போகிறீர்கள் என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஒன்பதாவது வாரம் சாருக்குக் குரல் திரும்பியது. அன்று பித்தாகரஸ் தேற்றம் நடத்தினார். அப்படி ஒரு வகுப்பை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. மணி அடித்ததும் கைதட்டினோம். சீட்டு எழுதி வரச் சொல்லி அவர் மறுபடி கேட்கவில்லை. நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை. அந்த பிஸ்கட் டின்னில் சாக்பீஸ் போட்டு வைத்திருந்தார்.