ஒரு குடம் தண்ணீர், நாலு கிலோமீட்டர்

கேள்வி: ஒரு விமானம் வானத்தில் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போகிறது, அடுத்தது ஒன்றும் போடாமல் போகிறது. கோடு போடுகிறவை மருந்து தெளித்து மழையைக் கலைக்கின்றன என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறார்களே, உண்மையா?
– மாந்தோப்பு விவசாயி, காவேரிப்பட்டணம்

பதில்: அந்த மருந்தின் பெயர் தண்ணீர். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் சுமார் ஒன்றேகால் கிலோ நீராவி வரும். எரிபொருளில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் எடை கூடுகிறது. 180 பேர் ஏறும் விமானம் கிலோமீட்டருக்குச் சுமார் 3 கிலோ எரிக்கும். கணக்குப் போட்டால் நாலு கிலோமீட்டருக்கு ஒரு குடம் தண்ணீர். உங்கள் மாங்கன்று ஒன்றுக்கு ஒரு வேளைக்கு ஆகும்.

மார்கழி விடியலில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் வாயைத் திறந்தால் புகை வரும். சித்திரையில் தர்மபுரி பேருந்து நிலையத்திலும் அதே வாய்தான், புகை வராது. மேலேயும் இதுவே நடக்கிறது. இன்ஜினின் சூடான ஈரப்புகை கடுங்குளிர் காற்றோடு கலந்ததும் நீராவி கரித்துகள்களில் துளியாகப் படிந்து, அப்படியே உறைந்துவிடுகிறது. இன்ஜினுக்கும் கோட்டுக்கும் நடுவே சிறு இடைவெளி தெரியும், பாருங்கள். புகை ஆறுவதற்குள் விமானம் கடந்துவிட்ட தூரம் அது.

காற்று ஏறக்குறைய மைனஸ் 40 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இது நடக்கும். நம் தலைக்கு மேல் அந்தக் குளிர் 11 கி.மீ., அதாவது 36,000 அடி வாக்கில்தான் கிடைக்கும். பெங்களூரில் இறங்கப்போகிற விமானம் கிருஷ்ணகிரி, ஓசூர் மேலே வரும்போது அதைவிட வெகுவாகத் தாழ்ந்திருக்கும். அது எப்படிக் கோடு போடும்?

கோடு பிறக்கக் குளிர் வேண்டும், நிலைக்க ஈரம் வேண்டும். காற்று வறண்டிருந்தால் விமானத்தின் வால்போல் குட்டையாகத் தெரிந்து, நிமிடத்துக்குள் கரைந்துவிடும். மைனஸ் 50 டிகிரியில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே பனித்துகள் கரையாது. சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சி வளரும். ஒரு குடம் தண்ணீர் வானம் கொள்ளாத பட்டையாக விரிவது இப்படித்தான். இந்த ஈர அடுக்குகள் பல நேரம் சில நூறு மீட்டர் கனம்தான். விமானங்களோ ஒன்றுக்கொன்று 1,000 அடி மேலும் கீழுமாகப் பறக்கின்றன. ஒன்று அடுக்குக்குள், மற்றது வெளியே. உங்கள் சந்தேகத்துக்கு விடை அவ்வளவே. இன்னொன்று: சிக்கனமான புது இன்ஜின்களின் புகை சூடு குறைந்தது. அதனால் பழையவை கோடு போடாத உயரத்திலும் அவை போடும்.

மழைக்கான ஈரம் பெரும்பாலும் தரையிலிருந்து 3 கி.மீ.க்குள் இருக்கிறது. பதினொன்றாவது கிலோமீட்டரில் ஒரு குடம் ஊற்றி அதைக் கலைக்க முடியாது. விமானத் தடம் காட்டும் ஆப் உங்கள் கைபேசியிலேயே கிடைக்கும். அடுத்த கோட்டைப் பார்த்ததும் உயரத்தைப் பார்த்துக் குழுவில் போடுங்கள்.